வெண்மண் பூசிய கால்கள்

முக்காட்டு மலைக் காட்டில் சிங்காரன் என்று ஒரு புள்ளிமான் இருந்தான். அவனுக்கு ஆவாரை என்று ஓர் அக்கா. தாய் போன பிறகு தம்பியை வளர்த்தது அவள்தான். அவனும் அக்கா மேல் உயிரையே வைத்திருந்தான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. அதற்கு வருகிறேன், பொறுங்கள்.

முதலில் அந்த மலையின் பனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நீங்கள் பார்த்த பனி இல்லை. மார்கழி வந்தால் உச்சியிலிருந்து இறங்கும். இறங்கி வந்து, தரையைத் தொடாமல், ஒரு முழம் மேலேயே நின்றுவிடும். அதற்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. மரம் தெரியாது, கொம்பு தெரியாது, பக்கத்தில் நிற்பவன் முகம்கூடத் தெரியாது. கீழே அந்த ஒரு முழ இடைவெளியில் கால்கள் மட்டும் தெரியும். உடம்பில்லாத கால்கள் வரும், நிற்கும், திரும்பிப் போகும். வெளிக்காட்டிலிருந்து வந்த பறவைகள் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே இடத்தைக் காலி செய்திருக்கின்றன.

அந்தப் பனியில்தான் செந்நாய்கள் வரும். செந்நாய் குரைக்காது, தெரியுமா? சீழ்க்கை அடிக்கும். முன்னால் ஒரு சீழ்க்கை கேட்கும். பின்னால் ஒன்று கேட்கும். பிறகு உங்கள் காதுக்குப் பக்கத்திலேயே ஒன்று கேட்கும். எத்தனை நாய், எந்தப் பக்கம், ஒன்றும் புரியாது.

அதனால் அந்தக் காட்டுக்கு ஏழு கடமான்கள் காவல். தலைவர் பெயர் பாறையன். எல்லோரும் பாறையண்ணன் என்பார்கள். காவலில் சேருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. குளக்கரையிலிருந்து செந்நாய் அண்டாத யானைமுதுகுப் பாறை வரை போகிற வழியைக் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது நாள் நடக்க வேண்டும். எந்த வேர் எங்கே, எந்தக் கல் எங்கே என்று காலாலேயே படிக்க வேண்டும். நாலு அடி தப்பினால் இடப்பக்கம் ஆழப்பள்ளம். விழுந்தவன் கதை அதோடு முடிந்தது.

அப்படித் தேறியவர்கள் மட்டும் விடியற்காலையில் வெள்ளைக்குழிக்குப் போவார்கள். நாலு காலையும் முழங்கால் வரை வெண்மண்ணில் முக்கி எடுப்பார்கள். காய்ந்தால் அது சுண்ணாம்பு மாதிரி கெட்டிப்பட்டுவிடும். பனி நாளில் அந்த வெள்ளைக் கால் எங்கே இருந்தாலும் பளிச்சென்று தெரியும். தூரத்தில் இருப்பவர்களைக் கூப்பிடத் தரையைக் குளம்பால் மிதிப்பார்கள்.

காட்டுக்குச் சட்டம் இரண்டே இரண்டு. பனியில் வெள்ளைக் காலைக் கண்டால் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு அதன் பின்னாலேயே போ. போகும்போது வாயைத் திறக்காதே. செந்நாய்க்குக் காது ரொம்பக் கூர்மை. பாறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு விடிய விடியப் பேசிக்கொள், யார் வேண்டாம் என்றார்கள்?

போன மார்கழியில் ஆவாரையின் பின்னங்காலை ஒரு செந்நாய் கவ்விவிட்டது. கல்லுளி என்ற காவலன் பாய்ந்து வந்து அதை உதைத்துத் தள்ளினான். அவள் அவனுடைய வெள்ளைக் காலைப் பார்த்துக்கொண்டே இழுத்து இழுத்து நடந்து பாறைக்கு வந்து சேர்ந்தாள். அவளை விட்டுவிட்டு இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப் போன கல்லுளி திரும்பவே இல்லை. அன்றிலிருந்து எட்டுப் பேர் ஏழு பேர் ஆனார்கள். அவளுக்கு அந்தக் கால் ஊனமாகவே நின்றுவிட்டது. இனி அவளால் ஓட முடியாது. பனி இறங்கினால் அவள் உயிர் ஒரு வெள்ளைக் காலை நம்பித்தான்.

இதெல்லாம் சிங்காரனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தான் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஒருநாள் மேய்ச்சலில் அவன் கால் வழுக்கி வெள்ளைக்குழியில் இறங்கிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. நாலு காலும் முழங்கால் வரை வெள்ளையாக எழுந்து வந்தான். கழுவலாம் என்று குளத்துப் பக்கம் போகும் வழியில் நெல்லிமரம். மரத்து மேலே மந்திக் கூட்டம். அந்த மந்திகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலுக்குகிற முதல் நெல்லிக்காய் எப்போதும் காவலருக்குத்தான்.

"அடேயப்பா! புள்ளிமானையும் காவல்ல சேர்த்துட்டாங்களா?" என்றது மூத்த மந்தி தாவன். "வாங்க தம்பி, வாங்க! உங்களுக்குத்தான் முதல் உலுக்கு!"

சடசடவென்று நெல்லிக்காய் கொட்டியது.

"ஐயோ, நான் காவலன் இல்லீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் முழுக்க நெல்லிக்காய். "ம்ம்" என்றான். அந்த "ம்ம்"முக்கு என்ன அர்த்தம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அங்கிருந்து குளத்துக்குப் போனான். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காட்டுப்பன்றிகள் மரியாதையாக ஒதுங்கி நின்றன. முயல்கள் காதை மடக்கி வணக்கம் வைத்தன. சிங்காரன் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தான். நாலு வெள்ளைக் கால். நல்லாத்தான் இருக்கிறது! கழுவ வந்தவன் கழுவாமலே திரும்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஆவாரை திடுக்கிட்டாள்.

"என்னடா இது கால்ல?"

"சும்மா அழகுக்குக்கா. காவலருங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உனக்குத் தெரியாதா? அந்த மரியாதைலதான் பூசியிருக்கேன்!"

"மரியாதை மனசுல இருந்தாப் போதாதா? கால்ல எதுக்கு?"

"நீ ஒண்ணு! நாலு பேர் பார்த்தா என்ன குறைஞ்சுடும்?"

ஒருவன் செய்தால் ஊரே செய்யும் என்பார்கள். பத்து நாளில் காடு முழுக்க வெள்ளைக் கால். முயல் பூசியது, மயில் பூசியது. கீரிக்குப் பாவம், கால் குட்டை, மண்ணில் இறங்கியதும் வயிறு வரை வெள்ளையாகிவிட்டது. "எங்க காலத்துல வயித்துலகூடப் பூசுவாங்க" என்று கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தது.

பாறையண்ணன் காதுக்கு விஷயம் போனது. அவர் எல்லோரையும் குளக்கரைக்குக் கூப்பிட்டார். சத்தம் போடுவார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை.

"வெள்ளை பூசறது தப்புன்னு நான் சொல்ல வரலை. மண்ணு எல்லாருக்கும் பொது. ஆசையா இருந்தா கழுத்துல பூசிக்கோங்க. முதுகுல பூசிக்கோங்க. வாலுல பூசிக்கோங்க, அது உங்க வாலு."

"காதுல பூசலாமா அண்ணே?" என்றது ஒரு முயல்.

"தாராளமா பூசு! ஆனா கால்ல மட்டும் வேண்டாம். பனியில கால் ஒண்ணுதான் தெரியுது. அதைப் பார்த்துத்தான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு பின்னால வர்றாங்க. 'நீ காவலனா?'ன்னு யாராவது கேட்டா உடனே 'இல்லை'ன்னு சொல்லுங்க. காவலருக்குன்னு குடுக்கற நெல்லிக்காயை வாங்கித் தின்னாதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

அப்போது கீரி மெல்ல முன்னால் வந்தது. 

"அண்ணே, செத்துப்போன காவலருங்களோட கால் பனியில இன்னும் நடக்குதாமே? பூசக் கூடாதவன் பூசினா அவன் பின்னாலயே வருமாமே? அவன் நின்னா நிக்குமாம், ஓடினா ஓடுமாம். வாயே திறக்காதாம். கடைசியில அந்தக் காலைக் குடுத்துட்டுப் போன்னு கேக்குமாமே?"

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது.  பாறையண்ணன் குளத்துக்கு அந்தப் பக்கம், போன வருஷம் கல்லுளி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்காரன்தான் சிரித்தான். "வயித்துல பூசினா வயித்தைக் கேக்குமா கீரியாரே?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒவ்வொருவராகக் குளத்தில் இறங்கிக் காலைக் கழுவினார்கள். கீரி மூன்று தரம் முழுகி எழுந்தது. சிங்காரனும் கழுவினான். ஆவாரை கூடவே நின்று பார்த்தாள். நாலு காலும் பழையபடி பழுப்பு நிறத்துக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஆனால் நாக்கு இருக்கிறதே நாக்கு, அது கேட்காது. மேற்குச் சரிவில் இன்னொரு நெல்லிமரம் இருந்தது. அங்கே இருந்த மந்திகள் கூட்டத்துக்கு வரவில்லை. சிங்காரன் காலையில் யாருக்கும் தெரியாமல் வெள்ளைக்குழிக்குப் போவான். காலை முக்கி எடுப்பான். சரிவுக்குப் போய் வயிறு முட்டத் தின்பான். வரும் வழியில் ஓடையில் நின்று கழுவிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வீட்டுக்கு வருவான். "மார்கழி பிறக்கட்டும், விட்டுடலாம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மார்கழிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பனிக்கு நாள் பார்த்து வரத் தெரியுமா?

அன்று காலை அவன் நெல்லிமரத்தடியில் நின்று தின்றுகொண்டிருந்தான். மேலே மந்திகள் வழக்கம்போல வளவளவென்று பேசிக்கொண்டிருந்தன. திடீரென்று பேச்சு நின்றது. காய் விழுவதும் நின்றது.

"என்ன ஆச்சு? இன்னும் நாலு உலுக்குங்களேன்!" என்று நிமிர்ந்தான்.

மரம் இல்லை. அடிமரம் ஒரு முழம் தெரிந்தது. அதற்கு மேல் வெள்ளை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய முன்னங்கால் மட்டும் மிஞ்சி, மார்பு காணாமல் போனது. குளிர் காதுக்குள் இறங்கியது. எங்கும் ஒரு சத்தம் இல்லை.

"ஓடைக்குப் போய்க் கழுவிட்டு நேரா பாறைக்குப் போயிடணும்" என்று நினைத்தான். நடந்தான். ஓடை வலப்பக்கம் என்று ஞாபகம். வலப்பக்கம் போனால் புதர்தான் இருந்தது. திரும்பினான். எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதே மறந்துவிட்டது. தலையைத் தாழ்த்திப் பார்த்தால் கொஞ்ச தூரம் புல்லும் கல்லும் தெரிந்தன. எல்லாப் புல்லும் ஒரே மாதிரி, எல்லாக் கல்லும் ஒரே மாதிரி. பிறகு பயத்தில் குனிந்து பார்க்கக்கூடத் தோன்றாமல் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

பின்னால் சருகு நொறுங்கியது.

நின்றான். அதுவும் நின்றது.

நாலு அடி நடந்தான். பின்னால் நாலு அடி. இப்போது ஒரு கால் சத்தம் இல்லை, இரண்டு மூன்று கால்களின் சத்தம். மறுபடி நின்றான். மறுபடி எல்லாம் அடங்கியது.

"யாரு?" என்று மெல்லக் கேட்டான்.

பதில் இல்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பதில் சொல்லாதது எது என்று யோசித்தான். கீரி சொன்னது ஞாபகம் வந்தது. குளக்கரையில் சிரித்த சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. 

"கல்லுளி அண்ணே!" என்று முணுமுணுத்தான். "கழுவிடறேன் அண்ணே! சத்தியமா கழுவிடறேன்!"

 இன்னும் ஒரு ஜோடிக் கால் வந்து சேர்ந்துகொண்ட சத்தம் கேட்டது.

ஓடினான். கண்மண் தெரியாமல் ஓடினான். பின்னாலும் ஓடி வந்தது. புதருக்குள் புகுந்தான், புதர் பின்னாலும் நொறுங்கியது. வளைந்து ஓடினான், அதுவும் வளைந்தது. எவ்வளவு வேகமாகப் போனானோ அவ்வளவு வேகமாக அந்தச் சத்தமும் வந்தது. ஒரு கத்தல் இல்லை, ஒரு முனகல் இல்லை. காலடிகள் மட்டும், தடதடவென்று.

அவன் குளம்பு பட்டு ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, எங்கோ கீழே, "டக்" என்றது.

சிங்காரன் நாலு காலையும் ஊன்றி நின்றான். ஆழப்பள்ளம்! இன்னும் இரண்டு அடி போயிருந்தால் அவ்வளவுதான். பின்னால் வந்ததும் நின்றது. இப்போது ரொம்பப் பக்கத்தில் நின்றது. அவனுடைய பின்னங்கால் மேல் ஒரு சூடான மூச்சு பட்டது.

முன்னால் பள்ளம், பின்னால் அது. இனி ஓட இடமில்லை. மெல்லத் தலையைத் தாழ்த்தி, தன் கால்களுக்கு நடுவே பின்னால் பார்த்தான்.

கால்கள். வரிசை வரிசையாகக் கால்கள். ஒன்றிலும் வெள்ளை இல்லை. தாய்ப்பன்றியின் கட்டைக் கால்கள், அவற்றை ஒட்டிக்கொண்டு ஐந்து குட்டிகளின் கால்கள். கேளையாடு என்ற சின்ன மானின் மெல்லிய கால்கள். மூன்று முயல்களின் கால்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அவன் குளம்புக்கு ஒரு சாண் தள்ளி, மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நிற்பவளின் பின்னங்கால் ஒன்று வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அக்கா!

பனி இறங்குவதைப் பார்த்ததும் தம்பியைக் காணோமே என்று தேடி வந்திருக்கிறாள். வழி தவறியிருக்கிறாள். வெள்ளைக் காலைக் கண்டதும் சட்டப்படி பின்னால் வந்திருக்கிறாள். மேய்ச்சலில் மாட்டிக்கொண்ட மற்றவர்களும் அப்படித்தான். சட்டப்படி வாய் திறக்கவில்லை. புள்ளிமான் காலுக்கும் கடமான் காலுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். உயிர் தொண்டையில் நிற்கும்போது நிறம்தான் கண்ணில் படும், தடிமன் படாது. அந்த ஊனக் காலோடு அவள் எப்படித்தான் ஓடி வந்தாளோ, நினைத்தாலே எனக்கு மனசு பதறுகிறது.

அப்போது முதல் சீழ்க்கை கேட்டது. தூரத்தில், மெல்லியதாக. அதற்குப் பதிலாக இன்னொன்று, வேறு பக்கத்திலிருந்து.

யாரும் அசையவில்லை. எல்லா மூக்கும் சிங்காரனின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தன. காவலன் வழி காட்டுவான் என்று காத்திருந்தார்கள். அவன் பக்கத்துப் பாறையில் காலைத் தேய்த்தான். வெண்மண் காய்ந்து இறுகியிருந்தது, ஒரு துளி உதிரவில்லை. அவன் காலைத் தூக்கியதைப் பார்த்துப் புறப்படச் சொல்கிறான் என்று நினைத்து, ஒரு பன்றிக்குட்டி பள்ளத்தின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தது. சிங்காரன் சட்டென்று காலை ஊன்றினான். குட்டி நின்றது.

அவன் வாயை அக்காவின் காதருகே கொண்டுபோனான்.

"அக்கா, நான்தான்."

ஆவாரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயா?"

"நான்தான்க்கா."

"காவலர் எங்கேடா?"

"தெரியாதுக்கா."

"பாறைக்கு வழி?"

"தெரியாது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த சீழ்க்கை இன்னும் பக்கத்தில் கேட்டது.

"அக்கா, நீ இங்கேயே குறுக்கே படுத்துக்கோ. நான் போனா இவங்க என் காலைப் பார்த்துக் கூடவே வந்துடுவாங்க. வரவிடாதே. காவலர் மிதிக்கிற சத்தம் கேட்டா அந்தப் பக்கம் போ."

"அவங்க எதுக்குடா மிதிக்கப் போறாங்க? நாம இங்க இருக்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கத்தப் போறேன்."

"வேண்டாம்டா! நாய்க்குக் கேட்டுடும்டா!"

"கேக்கட்டும்க்கா. அதுக்குத்தான் இங்கேருந்து தள்ளிப் போறேன்."

"சிங்காரா!"

அவன் அவளை ஒருமுறை நக்கினான். பிறகு பள்ளத்தின் ஓரமாகவே, ஒவ்வொரு அடியாகத் தடவித் தடவி நடந்தான். முயல்கள் அவன் பின்னால் போகப் பார்த்தன. ஆவாரை வழியை மறித்து நீட்டிப் படுத்தாள். அவள் வயிற்றில் மோதி முயல்கள் நின்றன. பன்றிக்குட்டிகளும் நின்றன. நாலு வெள்ளைக் கால்கள் பனிக்கடியில் சின்னதாகிக்கொண்டே போயின. பிறகு தெரியவில்லை.

அதன் பிறகு அந்தக் காட்டில் எந்தப் பனிக்காலத்திலும் கேட்காத ஒன்று கேட்டது. ஒரு குரல்.

"நான் காவலன் இல்லை!"

மலை முழுக்க எதிரொலித்தது. சீழ்க்கைகள் ஒரு கணம் நின்று, மறுபடி ஆரம்பித்தன. எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின.

"நான் சிங்காரன்! கால்ல இருக்கறது பொய்! என் பின்னால யாரும் வராதீங்க! பாறையண்ணே! பள்ளத்து மேட்டுல பதினோரு பேர் நிக்கறாங்க! வந்து கூட்டிட்டுப் போங்க! நான் காவலன் இல்லை!"

வலப்பக்கம், தூரத்தில், தரை அதிர்ந்தது. தம்! தம்! காவலர்கள் குளம்பால் மிதித்து "இங்கே வா" என்றார்கள். ஆவாரை எழுந்தாள். சத்தம் வந்த திசையில் ஊனக் காலை இழுத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் அவளை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் எட்டு வெள்ளைக் கால்கள் எதிரே வந்தன. தடித்த கால்கள். இரண்டு கடமான்கள் முன்னும் பின்னும் நின்று அவர்களைப் பாறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பாறையண்ணனும் மற்ற நாலு பேரும் குரல் வந்த பக்கம் பாய்ந்தார்கள்.

பாறையின் மேல் நின்று ஆவாரை கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் காவலன் இல்லை! நான் காவலன் இல்லை!" குரல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. நாய்களை இழுத்துக்கொண்டு போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. சீழ்க்கைகள் நெருங்கின, ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. "நான் காவ..." என்று குரல் பாதியில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் சீழ்க்கையும் நின்றது. செந்நாய் எப்போது சீழ்க்கையை நிறுத்தும் என்று காட்டில் எல்லோருக்கும் தெரியும். பாறைக்கு வந்துவிட்டால் பேசலாம் என்பது சட்டம்தான். ஆனாலும் அங்கே யாரும் பேசவில்லை. பன்றிக்குட்டிகள்கூடத் தாயின் வயிற்றுக்கடியில் வாயை மூடிக்கொண்டு நின்றன.

உச்சிவேளைக்குப் பனி விலகியது. காவலர்கள் நாய்களை விரட்டியிருந்தார்கள். ஆனால் நேரம் கடந்துவிட்டிருந்தது. பள்ளத்து ஓரப் புல்லில் சிங்காரன் கிடந்தான். நாலு காலில் மட்டும் ஒரு கீறல் இல்லை. வெண்மண் வெயிலில் பளிச்சென்று இருந்தது.

காவலன் ஒருவன் செத்தால் அவன் காலில் உள்ள வெள்ளையைக் கழுவமாட்டார்கள். அப்படியே தழை போட்டு மூடுவார்கள். அது அவர்கள் முறை.

ஆவாரை பாறையண்ணன் முன்னால் வந்து நின்றாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"அண்ணே, இவனுக்கும் அப்படியே விட்டுடுங்க. தப்புப் பண்ணினான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பதினோரு உசுரைக் காப்பாத்தியிருக்கான். காவலன் செய்யறதைத்தானே செஞ்சான்? அந்த வெள்ளையோட போகட்டும் அண்ணே."

 பாறையண்ணன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ஆவாரை, அவன் என்ன சொல்லிக்கிட்டே செத்தான்?"

அவள் தயங்கினாள். "நான் காவலன் இல்லைன்னு."

"அந்த ஒரு உண்மையைச் சொல்றதுக்கு உசுரைக் குடுத்திருக்கான் உன் தம்பி. இப்ப நாம இந்த வெள்ளையை விட்டு வெச்சா, அவனை மறுபடியும் பொய்யனாக்கிடுவோம். அது வேண்டாம்மா."

 ஆவாரை மெதுவாகத் தம்பியின் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்தாள். முன்னங்கால் ஒன்றை நக்க ஆரம்பித்தாள். சுண்ணாம்பாக இறுகிய மண் சீக்கிரம் கரையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பாறையண்ணன் அந்தப் பக்கம் போய் மண்டியிட்டு, இன்னொரு காலை நக்கினார். மற்ற ஆறு காவலர்களும் தலை தாழ்த்தி நின்றார்கள். நாலு காலும் பழையபடி புள்ளிமான் காலாக வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

பிறர் தங்கள் உயிரை நம்பி ஒப்படைக்கும் அடையாளத்தை, அதன் கடமையை ஏற்காதவர் அழகுக்காகக்கூட அணியக் கூடாது.